துப்பச் சொன்ன தண்ணீர்

எங்கள் கோல்கீப்பர் பொய் சொன்னார். கோவில் வாசலில், பங்குச் சாமியார் முன்னால், ஊர் முன்னால் நின்று ஒரே வாக்கியத்தில் பொய் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தால் என் அண்ணனின் கலியாணம் நின்றது, பெயர் கெட்டது, அவர் ஊரைவிட்டே போனார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அதற்கு வயதும் இல்லை.

என்னோடு ஒரே பாயில் உட்கார்ந்து ஞானோபதேசம் படித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் நாலைந்து பேர் இன்னும் உயிரோடு இருக்கிறீர்கள். கண் தெரியாதவர்கள் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். காது கேட்காத மாதிரி மட்டும் இருக்காதீர்கள். அதை அப்போதே நன்றாகச் செய்தீர்கள்.

போன மாதம் முழுக்கத் தொலைக்காட்சியில் உலகக் கோப்பை பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பையன்கள் என் வீட்டில்தான் வந்து உட்காருவார்கள். ஒருவன் களத்தில் இறங்கும்போது புல்லைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். "ஆயா, உங்க ஆளு!" என்று பையன் கத்தினான். எதிர்ப்பக்கத்துக்காரனும் சிலுவை போட்டான். "அவனும் உங்க ஆளு. இப்போ உங்க சாமி யாருக்கு கோல் போடும்?" நல்ல கேள்விதான். நான் எண்ணெய் வழியும் முறுக்கைத் தின்றேன். பிறகு கீப்பரைக் காட்டினார்கள். வலைக்குள்ளேயே ஒரு தண்ணீர் பாட்டில் கிடந்தது. அவன் குனிந்து எடுத்தான், குடித்தான், மிச்சத்தைத் தலையில் ஊற்றிக்கொண்டான். ஒருவரும் அவனைக் கேட்கவில்லை. எழுந்து போய் அடுப்படியில் நின்றேன்.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம், மே மாதம். எனக்கு ஒன்பது வயது. பாகூர் ஏரியில் தண்ணீர் நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கியிருந்தது. கரையோரம் வெடித்த களிமண்ணை மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக் கல் உருளையால் சமப்படுத்தினார்கள். அதுதான் மைதானம். எங்கள் கொம்யூன் மேர், அதாவது பிரெஞ்சுக்காரன் காலத்து நகரசபைத் தலைவர், ஒரு பந்தயம் வைத்தார். புதுச்சேரிக்கு வந்திருந்த பிரெஞ்சுக் கப்பலின் வெள்ளைக்காரர்கள் ஒரு அணி. எல்லைக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் சீமையிலிருந்து ரயில்வே ஆட்கள் ஒரு அணி. எங்கள் கோவில் இளைஞர்கள் ஒரு அணி. "மூன்று தேசத்துப் பந்தயம்" என்று தமுக்கடித்தார்கள்.

எங்கள் வீட்டில் இதைப் பற்றி ஒரு வாக்குவாதம் நடந்தது.

"கப்பல்காரனும் பிரான்சு, நாமளும் பிரான்சு. அப்புறம் இன்னாடா மூணு தேசம்?" என்று அப்பா கேட்டார்.

"அவன் பூட்ஸு தேசம் நைனா. நாம வெறுங்கால் தேசம்" என்றார் அண்ணன்.

அண்ணன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த மாதம் அவர் எதற்கும் சிரித்தார். ஒதியம்பட்டில் பெண் முடிவாகியிருந்தது. கோவிலில் இரண்டு ஞாயிறு, தடை உண்டா என்று ஊரைக் கேட்டுக் கலியாண ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலை வாசித்தால் தாலிதான் பாக்கி. பெண்ணை அண்ணன் இரண்டு முறைதான் பார்த்திருந்தார். ஆனாலும் வெளுத்த வேட்டியாகத் தேடிக் கட்டினார், தலைக்கு எண்ணெய் தடவி வகிடு எடுத்தார். நான் கேலி செய்வேன். என் காதைத் திருகுவார்.

ரயில்வே அணியை நம்மவர்கள் ஜெயித்தார்கள். கப்பல் அணியும் அவர்களை ஜெயித்தது. இறுதிப் பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. கப்பல் அன்று சாயங்காலம் நங்கூரம் எடுக்கிறது, ஆகையால் காலையிலேயே ஆட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். பங்குச் சாமியார் விடியற்காலையில் கிளைக் கோவிலுக்குப் போய்ப் பூசை வைத்துவிட்டுத்தான் எங்கள் ஊருக்கு வருவார். எங்களுக்குப் பூசை பத்து மணிக்கு. ஆக, முதலில் பந்தயம், பிறகு பூசை.

இங்கேதான் உபதேசியார் உள்ளே வந்தார். நம் எல்லோருக்கும் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவர். கோல்கீப்பருக்கு அப்பா. அவர் அணியை மாதா சுரூபத்தின் முன்னால் முழங்காலில் நிற்க வைத்துப் பொருத்தனை செய்ய வைத்தார். ஜெயித்தால் பதினொரு பேரும் அதே சட்டையோடு, அதே வியர்வையோடு கோவிலுக்கு வந்து, பீடத்துக்கு முன்னாலுள்ள கிராதியில் வரிசையாக முழங்காலிட்டு நன்மை, அதாவது நற்கருணை, வாங்க வேண்டும். மாதா நீலம் என்று சட்டைகளுக்குச் சாயம் போட்டதும் அவர் யோசனைதான்.

இளையவர்களுக்கு இது புரியாது. அந்தக் காலத்தில் நன்மை வாங்குகிறவன் நடுராத்திரி தொடங்கி எதுவும் உட்கொள்ளக் கூடாது. சோறு மட்டுமல்ல, தண்ணீரும் கூடாது. ஒரு சொட்டு தொண்டையில் இறங்கினாலும் அன்றைக்கு நன்மை இல்லை. தெரிந்தே மீறி வாங்கினால் சாவான பாவம், தேவதுரோகம். அதாவது, பதினொரு பேரும் மே மாத வெயிலில் பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரர்களோடு தண்ணீர் குடிக்காமல் ஓட வேண்டும். இது ஒருவருக்கும் பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை. என் அப்பாவுக்குத் தெரியவில்லை. சாமியாருக்குத் தெரியவில்லை. பெருமையாக இருந்தது எல்லோருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் பதினொரு பேரும் வரிசையில் நின்று, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை ஏரிக்கரை முழுக்க ஜனம். வேதக்காரர்களான கிறிஸ்தவர்கள் மட்டும் இல்லை. நெல் அறுத்து முடித்த குடியானவர்கள், கரும்புக்காரர்கள், நல்லவாட்டிலிருந்து மீன்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஒதியம்பட்டுப் பெண்ணின் அப்பா, நெருக்கிக் கட்டிய தலைப்பாகையோடு எங்கள் அப்பா பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் பொடிசுகள் ஒரு பக்கத்துக் கோலுக்குப் பின்னால் புங்கமரத்தடியில் இருந்தோம். நிழல் அங்கேதான். விருந்தாளிகளுக்கான தண்ணீர்ப் பானையும் அங்கேதான் இருந்தது, மேலே கொட்டாங்கச்சி கவிழ்த்து.

முதல் பாதியில் கப்பல்காரர்கள் ஒன்று போட்டார்கள். நம்மவர்கள் ஒன்று போட்டார்கள். வெறுங்காலில் பூட்ஸ் படும் சத்தம் எங்களுக்குக் கேட்டது, பச்சை மட்டையை முறிக்கிற மாதிரி.

இடைவேளையில் கப்பல்காரர்கள் புங்கமரத்தடியில் விழுந்து கிடந்து பாட்டில் பாட்டிலாகக் குடித்தார்கள். ஒரு சிவந்த வெள்ளைக்காரன் தன் பாட்டிலை அண்ணனிடம் நீட்டினான். உபதேசியார் ஓடிவந்து அவன் கையைத் தள்ளிவிட்டார். பிறகு நம்மவர்களை வரிசையில் நிற்க வைத்தார். ஒரு கையில் செம்பு.

"ஊத்திக்க. கொப்பளி. துப்பு. வாயைத் தொற. ம், அடுத்தவன்."

ஒவ்வொருத்தன் வாய்க்குள்ளும் எட்டிப் பார்த்தார். தொண்டை அசைகிறதா என்று பார்த்தார். தன் மகனையும் அப்படித்தான் பார்த்தார். துப்பிய தண்ணீர் வெடித்த மண்ணில் விழுந்ததும் காணாமல் போனது. ஆட்டக்காரர்கள் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சட்டைத் துணி கொடுத்த கடைக்கார பாய், கோலி சோடாக் கூடையோடு வந்திருந்தார். அவரால் பொறுக்க முடியவில்லை.

"உபதேசியாரே, எங்க நோம்புல கூட நோயாளிக்கும் பிரயாணிக்கும் விலக்கு இருக்குது. இந்தப் புள்ளைங்க ஒரு மொடக்குக் குடிச்சா உங்க சாமி இன்னா கோச்சுக்குமா? நன்மைய நாளைக்கு வாங்கட்டுமே."

"பாய், நீ சோடா விக்க வந்தியா, வேதம் சொல்ல வந்தியா?"

"சோடா விக்கத்தான் வந்தேன். இங்க எங்க வாங்க வுடுறீங்க?"

கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உபதேசியார் சிரிக்கவில்லை. "தாகத்த மாதாவுக்கு ஒப்புக்கொடுங்கடா" என்று சொல்லி அணியை உள்ளே அனுப்பினார்.

இரண்டாம் பாதியில் நம் கோல் புங்கமரத்துப் பக்கம் வந்தது. கீப்பர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சாயம் கரைந்து அவர் கழுத்தெல்லாம் நீலம். ஒன்பது மணி வெயில். ஏரி மண்ணிலிருந்து ஆவி மேலே வந்தது. ஓடுகிறவர்களின் கால் தரையில் படாத மாதிரி தெரிந்தது.

கப்பல்காரர்களுக்கு மூலை உதை கிடைத்தது. நம்மவர்கள் எல்லோரும் தடுக்கப் பின்னால் வந்தார்கள். பந்து வந்தது. அண்ணன் தலையால் முட்டி வெளியே தள்ளினார். தள்ளியவர் அப்படியே கோட்டுக்கு இந்தப் பக்கம் குப்புற விழுந்தார். ஒருவரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் பந்து அந்தக் கோடிக்குப் போய்விட்டது. அங்கே ஒரு கப்பல்காரன் நம் பையன் ஒருவனின் முழங்காலில் உதைத்துவிட்டான். கூச்சல், தள்ளுமுள்ளு. கரையில் நின்ற ஜனமெல்லாம் அந்தப் பக்கம் ஓடியது. உபதேசியாரும் ஓடினார்.

கீப்பர் ஓடவில்லை. அதற்காக அன்றைக்கு அவரை நான் நேசித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் திரும்பி வந்து அண்ணனின் இரண்டு கையையும் பிடித்து மரத்தடிக்கு இழுத்துவந்தார்.

"டேய், இன்னாடா ஆச்சு? கண்ணத் தொற."

"ஒண்ணுமில்ல. இருட்டிக்கினு வருது."

"பொண்ணு, தண்ணி எடு."

"உபதேசியார் திட்டுவாரு" என்றேன்.

"எங்க நைனாவ நான் பாத்துக்கறேன். எடுன்றேன் இல்ல?"

நான் கொட்டாங்கச்சியில் மொண்டு கொடுத்தேன். வாங்கியவர் முதலில் தானே குடித்தார். ஒரே மூச்சு. தொண்டை மேலும் கீழும் போனது. மறுபடி நீட்டினார். மொண்டு ஊற்றினேன். அண்ணனின் தலையைத் தன் தொடையில் வைத்து வாயருகே கொண்டுபோனார். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நன்மை வாங்கணும்டா."

"செத்துப்பூட்டா எப்பிடி வாங்குவ? நானே குட்சிட்டேன். குடி. யாரும் பாக்கல."

அண்ணன் குடித்தார். ஒரு கொட்டாங்கச்சி முழுக்கக் குடித்தார்.

யாரும் பார்க்கவில்லை என்று அவர் சொன்னாலும், நான் பார்த்தேன். என்னோடு இன்னும் மூன்று பேர் பார்த்தீர்கள். உங்கள் பெயரை எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும்.

அந்தத் தண்ணீர் உள்ளே போன பிறகுதான் அண்ணன் எழுந்தார், ஓடினார், கோல் போட்டார். இரண்டுக்கு ஒன்று. சீழ்க்கை ஊதியதும் கரை இடிந்து விழுகிற மாதிரி சத்தம். குடியானவர்கள் அண்ணனைத் தோளில் தூக்கினார்கள். பெண்ணின் அப்பா தலைப்பாகையை அவிழ்த்து வீசினார். "என் மாப்ள! என் மாப்ள!" என்று குதித்தார். கோவில் மணி அடித்தது. கப்பல்காரர்கள் வண்டி ஏறிப் போய்விட்டார்கள். நமக்கு வேதம் கொண்டுவந்த தேசத்தார் அவர்கள். ஞாயிற்றுக்கிழமைதான், ஒருவன்கூடப் பூசைக்கு வரவில்லை.

பூசையில் நான் பெண்கள் பக்கத்தில் முன் பாயில் இருந்தேன். கிராதியில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. மணி அடித்ததும் நீலச் சட்டைக்காரர்கள் எழுந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகப் போய் முழங்காலிட்டார்கள். நான் எண்ணினேன். பத்து.

அண்ணன் தன் இடத்திலேயே தலை குனிந்து முழங்காலில் இருந்தார். உபதேசியார் கிராதியிலிருந்து இறங்கி வந்து அவர் தோளைத் தொட்டார். அண்ணன் தலையை ஆட்டினார். உபதேசியார் மறுபடி குனிந்து ஏதோ சொன்னார். அண்ணன் மறுபடி தலையை ஆட்டினார். சாமியார் நற்கருணையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் அண்ணனைப் பார்த்தார். பிறகு வரிசைக்குத் திரும்பினார்.

கீப்பர் மூன்றாவதாக இருந்தார். வாங்கமாட்டார், எழுந்து வந்துவிடுவார் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். பக்கத்தில் அவருடைய அப்பா நின்றார், இடைவேளையில் நின்ற அதே மாதிரி.

பூசை முடிந்து வாசலுக்கு வருவதற்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. நேற்றுச் சாயங்காலம் பாவசங்கீர்த்தனம் செய்தவன் இன்றைக்கு நன்மை வாங்கவில்லை. ஆக, இடையில் ஒரு ராத்திரிதான் இருக்கிறது. ராத்திரியில் ஒரு வாலிபன் செய்கிற சாவான பாவம் என்னவாக இருக்கும்? நம் ஆட்களுக்குக் கணக்குப் போட யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

பெண்ணின் அப்பா தலைப்பாகை இல்லாமல் வந்தார்.

"சம்பந்தி, கோல் போட்ட காலு நேத்து ராத்திரி எந்த வூட்டுக்குப் போச்சுன்னு உம்புள்ளயக் கேளு."

"வார்த்தைய அளந்து பேசு" என்றார் அப்பா. ஆனால் அவர் குரலில் பலம் இல்லை. அண்ணன் பக்கம் திரும்பி, "சொல்லுடா" என்றார்.

"தண்ணி குட்சிட்டேன் நைனா. ஆட்டத்துல மயக்கம் வந்துச்சு. அதான் வாங்கல."

உபதேசியார் குறுக்கே வந்தார். "யார்கிட்ட சொல்ற? நானே பக்கத்துல நின்னு துப்ப வெச்சேன். வாயைத் தொறந்து பாத்தேன். ஒரு சொட்டு உள்ள போவல. செஞ்சதும் இல்லாம கோவில் வாசல்ல பொய்யா?"

அவர் மனதறிந்து பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. தன் காவலில் ஒரு சொட்டு தப்பியிருக்கும் என்று நம்ப அவரால் முடியவில்லை.

நான் கூட்டத்துக்குள் நுழைந்தேன். "நான்தான் மொண்டு குடுத்தேன். கீப்பர் அண்ணன்தான் ஊத்தினாரு. அவரும் குட்சாரு!" என்று கத்தினேன்.

அப்பா அறைந்தார். வாயிலேயே அறைந்தார். இப்போதுதான் நன்மை வாங்கிக் கர்த்தரை நெஞ்சில் வைத்துக்கொண்டு நிற்கிறவன்மேல் பழி போடுகிறாள் என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு உதடு கிழிந்து ரத்தம் உப்புக் கரித்தது.

சாமியார் வெள்ளைக்காரர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவார். அவர் கையை உயர்த்தினார். கீப்பரைக் கூப்பிட்டார். "நீ கோலில் நின்றாய். உனக்குப் பின்னால் நடந்ததாகச் சொல்கிறார்கள். நீ பார்த்தாயா?"

அண்ணன் கீப்பரைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. சொல்லிவிடுவான் என்ற நம்பிக்கையோடு பார்த்தார். உபதேசியாரும் மகனைப் பார்த்தார்.

"நான் பந்தைத்தான் பாத்தேன் சாமி."

அவ்வளவுதான். அண்ணன் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

நீங்கள் மூன்று பேரும் அங்கே நின்றீர்கள். உங்களில் ஒருத்தி பாவாடை நுனியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அந்த வருஷம் நமக்குப் புதுநன்மை, முதல் முறையாக நன்மை வாங்கும் வருஷம். யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று சொல்லுகிறவர் உபதேசியார். நீங்கள் பேசவில்லை, வெள்ளைப் பாவாடையும் பூமுடியும் உங்களுக்குக் கிடைத்தது. பொய்க்காரி என்று எனக்கு ஒரு வருஷம் தள்ளிப் போட்டார்கள். சின்னப் பிள்ளைகள், பயந்தீர்கள். அதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு எத்தனை வருஷம் நீங்கள் சின்னப் பிள்ளைகளாகவே இருந்தீர்கள்?

மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. அதே மாதம் அண்ணன் சைகோனுக்குக் கப்பல் ஏறினார். அப்பா வழியனுப்பப் போகவில்லை. அண்ணனிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. இரண்டாவதில், "இங்கேயும் பந்து ஆடுகிறேன். பூசைக்குப் போவதில்லை" என்று எழுதியிருந்தார். பிறகு சண்டை வந்தது. கடிதம் வரவில்லை. ஆளும் வரவில்லை. அப்பா சாகும்போது சாமியாரிடம் அண்ணனுக்காக மன்றாடச் சொன்னார். தன் மகன் அந்த ராத்திரி ஏதோ ஒரு வீட்டுக்குப் போனான் என்று நம்பியே செத்தார். நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, "இல்லை நைனா, தண்ணிதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டாரோ இல்லையோ.

பல வருஷம் கழித்து ரோமாபுரியிலிருந்து புதுச் சட்டம் வந்தது. தண்ணீர் குடித்தால் நோன்பு முறியாது என்று பிரசங்கத்தில் வாசித்தார்கள். அதே கோவில். நான் என் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். சந்தோஷப்பட வேண்டுமா, கல்லை எடுத்து எறிய வேண்டுமா என்று தெரியவில்லை. கீப்பர் முன்வரிசையில் இருந்தார். அப்போது அவர்தான் உபதேசியார். காதைச் சொறிந்துகொண்டிருந்தார்.

நான் வேதத்தை விடவில்லை. தினமும் செபமாலை சொல்லுகிறேன். கர்த்தர் சிலுவையில் தொங்கும்போது தாகமாயிருக்கிறேன் என்றார் என்று ஒவ்வொரு பெரிய வெள்ளியும் வாசிக்கிறார்கள். தாகமாயிருக்கிறவனுக்குத் தண்ணீர் கொடுத்தது பாவமா என்று நான் இவ்வளவு காலம் யோசித்துவிட்டேன். பாவம் இல்லை. கீப்பர் தண்ணீர் கொடுத்தது அவர் வாழ்க்கையில் செய்த மிக நல்ல காரியம். அதைத்தான் அவர் மறுத்தார். அவர் நன்மை வாங்கியதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கலாம், கடவுள் மன்னித்திருக்கலாம். அது அவருக்கும் கடவுளுக்கும் உள்ளது. அதில் நான் தலையிடவில்லை. என் அண்ணன் பெயர் கெட்டது பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் இல்லை. வாசலில்.

இப்போது பங்குப் பேரவையிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. வருகிற மாதா திருவிழாவில் கால்பந்துப் பந்தயம். கோப்பைக்குக் கீப்பரின் பெயர். "அந்நியரை வென்ற அணியின் எஞ்சியுள்ள வீரர்" என்று போட்டு அவர் படத்தை அச்சடித்திருக்கிறார்கள். கோப்பையை அவரே கொடுக்கிறார், மைக்கில் பேசுகிறார். ஜெயித்த கோலைப் போட்டது யார் என்று நோட்டீஸில் இல்லை.

கீப்பர் ஐயா, உங்களுக்கு எண்பது நெருங்கிவிட்டது. உங்கள் அப்பா கல்லறையில் இருக்கிறார். அவர் இனிமேல் உங்கள் வாயைத் திறந்து பார்க்க மாட்டார். வீட்டுக்கு வந்து என்னிடம் ரகசியமாகச் சொல்ல வேண்டாம், கதவைத் திறக்க மாட்டேன். சாமியாரிடமும் சொல்ல வேண்டாம். கோப்பையைத் தொடுவதற்கு முன்னால், அந்த மைக்கில், ஒதியம்பட்டுக்காரர்களும் கேட்கிற மாதிரி, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்:

அன்றைக்கு என் அண்ணன் வாயில் தண்ணீர் ஊற்றியது யார்?